செவியிலிருந்து தொடங்கும் கைபேசி

இசை கேட்பதற்கென்றே ஒரு கைபேசி வடிவமைக்கப்படுமானால் அதன் உறுப்புகள் எவ்வாறு அமைய வேண்டும் என்ற கேள்விக்கு, விளம்பரங்கள் எப்போதும் கோப்பின் பக்கத்திலிருந்தே விடை சொல்லத் தொடங்குகின்றன; எத்தனை பிட், எத்தனை கிலோஹெர்ட்ஸ், எத்தனை ஆயிரம் பாடல்கள் என்ற எண்களே அவற்றில் முன்னிறுத்தப்படுகின்றன. ஆனால் இசை என்பது காற்றின் அழுத்த மாறுபாடாகச் செவிப்பறையைத் தொட்டு, காக்ளியா எனப்படும் நத்தைச் சுருள் வடிவான உட்செவி உறுப்பில் சென்று முடியும் ஓர் இயற்பியல் நிகழ்ச்சி ஆதலால், வடிவமைப்பாளர் அந்த முடிவிடத்திலிருந்து தொடங்கி, செவியிலிருந்து இயர்போனுக்கும், இயர்போனிலிருந்து பெருக்கிக்கும், பெருக்கியிலிருந்து கோப்புக்கும் என்று பின்னோக்கி நடந்து வருவதே முறையாகும். அவ்வழியில் நடந்து பார்த்தால், உரக்கப் பேசப்படும் எண்களில் பல முக்கியத்துவம் இழந்துவிடுவதையும், எவரும் பேசாத சில சிறு பாகங்களே இசையின் தரத்தைத் தீர்மானிப்பதையும் காணலாம்.

நலமான இளஞ்செவி, நொடிக்கு 20 அதிர்வுகள் முதல் 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலிகளை உணர வல்லது; நொடிக்கு இத்தனை அதிர்வுகள் என்ற இந்த எண்ணிக்கையே அதிர்வெண் எனப்பட்டு, ஹெர்ட்ஸ் என்ற அலகால் குறிக்கப்படுகிறது. அவ்வதிர்வுகளை நரம்புத் துடிப்புகளாக மாற்றும் பணியில் ஒவ்வொரு காக்ளியாவிலும் ஏறத்தாழ 3,500 உள்வரிசை மயிர்ச்செல்களும் 12,000 வெளிவரிசை மயிர்ச்செல்களும் ஈடுபட்டுள்ளன. பறவைகளின் செவியில் இத்தகைய செல்கள் அழிந்தால் அவற்றின் இடத்தில் புதியவை தோன்றுகின்றன. மனிதச் செவியில் அவ்வாறு தோன்றுவதில்லை. ஆகவே, பிறக்கும்போது பெற்ற இந்தச் சிறு கையிருப்பைக் காப்பதே இசைக் கைபேசியின் முதற்கடமையாகும். இனிமையெல்லாம் அதற்குப் பின்னரே.

ஒலியின் வலிமை டெசிபல் என்ற அலகால் அளக்கப்படுகிறது. இது கூட்டல் கணக்கில் அன்றிப் பெருக்கல் கணக்கில் ஏறும் அலகு என்பதால், 3 டெசிபல் உயர்வு என்பது ஆற்றல் இருமடங்காவதையும், 10 டெசிபல் உயர்வு என்பது பத்து மடங்காவதையும் குறிக்கும். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வெளியிட்ட பாதுகாப்பான கேட்டல் தரநிலையின்படி, வயதுவந்தோர் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் அளவிலும், சிறார் அதே நேரம் 75 டெசிபல் அளவிலும் கேட்பது ஏற்கத்தக்கது. அளவு 90 டெசிபலாக உயர்ந்தால் வயதுவந்தோருக்குரிய நேரம் வாரத்துக்கு 4 மணியாகச் சுருங்கிவிடுகிறது. உப்பை நாள்தோறும் கணக்கிட்டு உண்பதுபோல ஒலியையும் வாரந்தோறும் கணக்கிட்டுக் கேட்க வேண்டும் என்பதே இதன் பொருள். அந்தக் கணக்கைக் கைபேசியே வைத்துக்கொள்ள முடியும்; ஆனால், செருகப்பட்டுள்ள இயர்போன் ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்கு எவ்வளவு ஒலி எழுப்பும் என்பது தெரியாதவரை அந்தக் கணக்கு வெறும் ஊகமாகவே இருக்கும். எனவே இலட்சியக் கைபேசி, தொழிற்சாலையிலேயே அளந்து சரிபார்க்கப்பட்ட தனக்குரிய இயர்போனுடனே பெட்டியிலிருந்து வெளிவர வேண்டும். சிக்கனம் கருதியோ வேறு காரணத்தாலோ இயர்போனைப் பெட்டியிலிருந்து நீக்கிவிட்ட இன்றைய வழக்கம், பாதுகாப்பின் நோக்கில் பார்த்தால் பின்னடைவே.

கேட்போர் ஒலியளவைக் கூட்டுவதற்குப் பெரும்பாலும் இசைமீதுள்ள ஆசை காரணமாவதில்லை, சுற்றுப்புற இரைச்சலே காரணமாகிறது. ஓர் ஒலி தன் அருகிலுள்ள அதிர்வெண்களில் ஒலிக்கும் மெல்லிய ஒலிகளைச் செவிக்கு எட்டாமல் ஆக்கிவிடும் இயல்பை ஒலியியலார் மறைப்பு என்பர். பேருந்து இயந்திரத்தின் முழக்கம் பாடலின் தாழ்ந்த சுரங்களை இவ்வாறு மறைத்துவிடுவதால், பயணி அந்த இரைச்சலுக்கும் மேலாகப் பாடலை உயர்த்துகிறார். செவித்துளையை நன்கு அடைக்கும் மென்மையான ரப்பர் முனை, இரைச்சலை வெளியே நிறுத்திவிடுவதால், பாடலைத் தாழ்த்திக் கேட்க வழிசெய்கிறது. இசைத்தரத்துக்காகச் செய்யப்படும் செலவுகளிலேயே மிக மலிவானதும் மிகப் பயனுள்ளதும், வெவ்வேறு அளவுகளில் நான்கைந்து இணை ரப்பர் முனைகளைச் சேர்த்துக் கொடுப்பதுதான்.

அந்த ரப்பர் முனைக்கு இன்னொரு பங்கும் உண்டு. திறந்த வெளியில் ஒரு சிறு சவ்வு அதிர்ந்து ஒலி எழுப்பும்போது, அதே வலிமையுள்ள ஒலியைப் பாதி அதிர்வெண்ணில் எழுப்ப வேண்டுமானால், சவ்வு முன்னும் பின்னும் நகரும் தொலைவு நான்கு மடங்காக வேண்டும். ஆனால் அடைக்கப்பட்ட செவிக்குழலில் ஓரிரு கன சென்டிமீட்டர் காற்றே சிறைப்பட்டிருப்பதால், சவ்வின் நகர்வு அக்காற்றை நேரடியாக அழுத்தித் தளர்த்துகிறது. அங்கே தாழ்ந்த சுரத்துக்கும் உயர்ந்த சுரத்துக்கும் ஏறத்தாழ ஒரே நகர்வு போதும். ஒரு சென்டிமீட்டர் அகலமும் இல்லாத சவ்வு ஆலயமணியின் ஆழ்ந்த கார்வையைக்கூட எழுப்புவது இதனால்தான். முனை சரியாகப் பொருந்தாமல் சிறு இடைவெளி விழுந்தால் அழுத்தம் கசிந்து, தாழ்சுரங்கள் அனைத்தும் மறைந்துவிடும். "இந்த இயர்போனில் பேஸ் இல்லை" என்று கேட்போர் குறைகூறும் பல நேரங்களில் குறை இயர்போனில் இருப்பதில்லை.

கைபேசியின் உடலிலேயே பதிக்கப்பட்டுள்ள ஸ்பீக்கருக்கு இந்தச் சலுகை இல்லை. கர்நாடக இசை பயிலும் மாணவர்களில் பலர் இன்று கைபேசிச் செயலியின் தம்புராவை வைத்தே சுருதி சேர்த்துக்கொள்கின்றனர் என்பதால், அந்த எடுத்துக்காட்டையே இங்கு ஆராயலாம். ஒரு கட்டையில் பாடும் ஆண்குரலுக்குரிய தம்புராவின் மந்தர ஷட்ஜம் ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ். இதைவிட மூன்று ஸ்தாயி மேலுள்ள 520 ஹெர்ட்ஸ் ஒலிக்குத் தேவைப்படும் நகர்வைப் போல 64 மடங்கு நகர்வு இருந்தால்தான் அதே வலிமையில் 65 ஹெர்ட்ஸை எழுப்ப முடியும். ஏறத்தாழ அரை மில்லிமீட்டருக்குமேல் நகர இடமில்லாத சவ்வுக்கு இது இயலாத செயல். இருந்தும் மாணவரின் செவியில் மந்தர ஷட்ஜம் கேட்கிறது. அதற்குக் காரணம், தந்தி எழுப்பும் ஒலியில் 65 மட்டுமன்றி அதன் மடங்குகளான 130, 195, 260 என்று தொடரும் மேற்சுரங்களும் கலந்திருப்பதே. அவற்றுள் 390, 455, 520 போன்ற உயர்ந்தவை ஸ்பீக்கரிலிருந்து வெளிவர, அவற்றிடையே 65 என்ற இடைவெளி மாறாது நிற்பதை உணரும் மூளை, ஒலிக்காத அடிப்படைச் சுரத்தைத் தானே நிறைத்துக்கொள்கிறது. மறைந்த அடிப்படை எனப்படும் இந்த நிகழ்வை ஜெர்மானிய அறிஞர் ஸீபெக் 1840-களிலேயே ஆராயத் தொடங்கினார்.

தம்புரா இந்தச் சோதனையில் இவ்வளவு நன்றாகத் தேறுவதற்கு அதன் அமைப்பே காரணம். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசையாது நிற்க வேண்டிய மேற்சுரங்கள் எழக் கூடாது என்பது பொதுவிதி; தம்புராவிலும் வீணையிலும் இவ்விதி பொய்த்துப்போவதையும், அகன்று வளைந்த குதிரையின் மீது தந்தி படிந்து எழுவதே அதற்குக் காரணம் என்பதையும் சி. வி. ராமன் 1920-களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். மிருதங்கத்தின் வலந்தலையில் பூசப்படும் கருஞ்சாந்து, ஒழுங்கற்று ஒலிக்க வேண்டிய தோலை ஒழுங்கான மேற்சுரங்களுடன் ஒலிக்கச் செய்வதைப் பற்றி அவர் சக ஆய்வாளர் ஒருவருடன் எழுதிய குறிப்பு 1920-இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. மேற்சுரங்கள் செறிந்த தம்புராவும் வலந்தலையும் கைபேசி ஸ்பீக்கரில் பிழைத்துக்கொள்ள, அடிப்படை அதிர்வையே பெரிதும் நம்பியிருக்கும், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கும்கி அதில் காணாமற் போய்விடுகிறது. எனவே இலட்சியக் கைபேசியின் ஸ்பீக்கர், இயலாத ஆழத்தை எட்ட முயன்று கரகரப்பதைவிட, தன் சுருளின் வெப்பத்தையும் சவ்வின் நகர்வையும் மின்னோட்டத்தின் வாயிலாகக் கணித்துக் கட்டுப்படுத்தும் அறிவார்ந்த பெருக்கியின் துணையுடன், இடைச்சுரங்களைத் தூய்மையாக ஒலிப்பதோடு நிறைவுகொள்ள வேண்டும். சுருதிக்கு அது போதும், கச்சேரிக்கு இயர்போன்.

அடுத்ததாக வருவது பெருக்கி. செவிக்குழலில் பொருந்தும் பல இயர்போன்கள் ஒரு மில்லிவாட் ஆற்றலுக்கே 100 டெசிபல் அளவில் ஒலிப்பவை. அவ்வாறெனில், பாதுகாப்பான 80 டெசிபலுக்கு ஒரு மில்லிவாட்டின் நூறில் ஒரு பங்கு போதும். இத்தனை சிறிய ஆற்றலைக் கையாளும் பெருக்கிக்கு வலிமை தேவையில்லை, அமைதியே தேவை. 16 ஓம் இயர்போன் ஒன்றில், ஒரு வோல்ட்டின் லட்சத்தில் ஒரு பங்கு அளவுள்ள மின்னிரைச்சலே, அமைதியான அறையில், ஆலாபனையின் இடைநிறுத்தங்களில் மெல்லிய சீறலாகக் கேட்கக்கூடும். அமைதிக்கு அடுத்த பண்பு, பெருக்கியின் வெளியீட்டு மின்மறுப்பு, அதாவது வெளிச்செல்லும் மின்னோட்டத்துக்குப் பெருக்கி தன்னுள்ளேயே காட்டும் தடை, மிகக் குறைவாக இருத்தலாகும். சில உயர்தர இயர்போன்களின் மின்மறுப்பு ஓர் அதிர்வெண்ணில் 10 ஓமாகவும் வேறொன்றில் 40 ஓமாகவும் மாறக்கூடியது. பெருக்கியின் உள்தடை 10 ஓமாக இருந்தால் இந்த வேறுபாடு 4 டெசிபல் ஏற்றத்தாழ்வாக இசையின் மீது படிந்து, பாடகரின் குரலின் நிறத்தையே மாற்றிவிடும். உள்தடை 1 ஓமாக இருந்தால் அந்த ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ அரை டெசிபலாகச் சுருங்குகிறது. விற்பனைப் பெட்டியின் மேல் அச்சிடப்படாத இந்த ஓர் எண், அச்சிடப்படும் பல எண்களைவிட முக்கியமானது.

கைபேசி என்பது வெறும் இசைக்கருவியன்று, வானொலி அலைகளை உமிழும் கருவியும் ஆகும் என்பதால் இங்கே ஒரு தனிச்சிக்கல் எழுகிறது. இரண்டாம் தலைமுறை ஜிஎஸ்எம் தொழில்நுட்பத்தில் கைபேசி நொடிக்கு 217 முறை சிறு வெடிப்புகளாக அலைகளை உமிழ்கிறது; 217 ஹெர்ட்ஸ் செவிக்கு எட்டும் எல்லைக்குள்ளேயே இருப்பதால், அழைப்பு வருமுன் அருகிலுள்ள வானொலிப் பெட்டியில் எழும் அந்தக் கரகரப்பு உண்டாகிறது. பிற்காலத் தொழில்நுட்பங்களில் இது பெரிதும் குறைந்துவிட்டாலும், சமிக்ஞை குறைந்த ஊர்களில் கைபேசி இன்னும் பழைய அலைவரிசைக்கு இறங்குவதுண்டு. ஆகவே, இலக்கமுறை எண்களை மின்னலையாக மாற்றும் மாற்றியும் பெருக்கியும், அலைபரப்பியிலிருந்து இயன்றவரை விலகி, உலோகக் கவசத்தினுள், தமக்கெனத் தனி மின்வழங்கலுடன் அமர்த்தப்பட வேண்டும்.

பிட்டுகளைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. ஓர் அதிர்வைப் பதிவுசெய்ய அதன் அதிர்வெண்ணைப் போல இருமடங்குக்குமேல் மாதிரிகள் எடுத்தால் போதும் என்பது நிறுவப்பட்ட தேற்றம். 1982-இல் சந்தைக்கு வந்த குறுந்தகடு நொடிக்கு 44,100 மாதிரிகளையும், மாதிரிக்கு 16 பிட்டுகளையும் கொண்டு செவியின் முழு எல்லையையும் தழுவி, 96 டெசிபல் ஏற்ற இறக்கத்துக்கும் இடமளித்துவிட்டது. ஒலிப்பதிவுக் கூடத்தில் 24 பிட்டுகளுக்குத் தேவை உண்டு. சட்டைப்பையில் இருக்கும் கைபேசிக்கு அது அலங்காரமே.

கம்பி வேண்டுமா, புளூடூத் போதுமா என்ற விவாதத்தில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. கம்பியில்லா இணைப்பு கையையும் கழுத்தையும் விடுவிக்கிறது. எனினும், அனைத்துக் கருவிகளுக்கும் பொதுவான எஸ்பிசி என்ற சுருக்கமுறை உயர்தர அமைப்பிலும் நொடிக்கு 328 கிலோபிட் அளவிலேயே இசையை அனுப்புகிறது, அதுவும் நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தாமதித்தே செவியை அடைகிறது. கேட்பவருக்கு இத்தாமதம் ஒரு பொருட்டன்று. ஆனால் தாளச் செயலியின் பொத்தானைத் தட்டிப் பழகும் மாணவருக்கு அது தாளத்தையே தவறவைக்கும். கம்பி இயர்போன் செருகும் 3.5 மில்லிமீட்டர் துளையை 2016-இல் ஐபோன் 7 கைவிட, அதே ஆண்டில் வெளிவந்த எல்ஜி வி20 நான்கு மாற்றிகளை ஒருங்கிணைத்து அத்துளையைச் சிறப்பித்தது. சந்தை முதலாவதன் வழியையே பின்பற்றியது, எல்ஜி நிறுவனம் 2021-இல் கைபேசித் தொழிலையே விட்டு விலகியது. வணிகத்தில் தோற்றது பொறியியலில் தவறாகிவிடாது. மேலும், இயர்போனின் கம்பியே பண்பலை வானொலிக்கு வான்கம்பியாகவும் பயன்படுவதால், துளை மூடப்பட்டபோது பல கைபேசிகளில் வானொலியும் உடன் மூடப்பட்டது. பேரிடர்க் காலங்களில் வானொலியின் தேவையைச் சுட்டிக்காட்டி, பண்பலை வசதியை முடக்காமல் வழங்குமாறு இந்திய மின்னணுவியல் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023 ஏப்ரலில் கைபேசித் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. இலட்சியக் கைபேசியில் துளையும் இருக்க வேண்டும், புளூடூத்தும் இருக்க வேண்டும்.

இனி கோப்பு. குறுந்தகட்டின் தரத்தில் ஒரு மணிநேர இசை ஏறத்தாழ 635 மெகாபைட் இடம் கொள்ளும். ஜெர்மனியின் எர்லாங்கனிலுள்ள பிரான்ஹோஃபர் ஆய்வகத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்டோர் உருவாக்கிய எம்பி3 முறை, மேலே சொன்ன மறைப்பு என்னும் இயல்பையே பயன்படுத்தி, எப்படியும் செவிக்கு எட்டாத நுண்ணொலிகளைத் துல்லியமின்றிப் பதிந்து, நொடிக்கு 128 கிலோபிட் அளவில் அதே ஒரு மணிநேரத்தை 58 மெகாபைட்டுக்குள் அடக்கியது. நினைவகம் அரிதாக இருந்த காலத்தில் அது பெருங்கொடை. ஆனால் சுருக்கம் மிகும்போது, கடத்தின் கூரிய தட்டலுக்கு ஒரு கணம் முன்னரே அதன் நிழல்போல ஓர் இரைச்சல் எழும் முன்னெதிரொலி என்ற குறை தோன்றுகிறது. இழப்பின்றிச் சுருக்கும் ஃபிளாக் முறை 2001-இல் வந்தது. அது குறுந்தகட்டு அளவை ஏறத்தாழப் பாதியாக்குவதால், 256 ஜிகாபைட் மெமரி கார்டு ஒன்றில் எழுநூறு மணிநேர இசை ஒரு துளியும் குறையாமல் அடங்கும். கார்டு செருகும் இடத்தை நீக்கிவிட்டு இணைய ஓடையை மட்டும் நம்பச் சொல்வது, வீட்டு நூலகத்தை விற்றுவிட்டு வாடகை நூலகத்துக்குச் செல்லச் சொல்வதற்கு ஒப்பானது.

எம்பி3 இசையை 1,152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாகப் பகுத்து, முழுத்துண்டு அமையாத இடங்களில் வெறுமையை இட்டு நிரப்புகிறது. தனித்தனிப் பாடல்களில் இது தெரிவதில்லை. ஆனால் ராகம், தானம், பல்லவி என மூன்று கோப்புகளாகப் பிரிக்கப்பட்ட ஒரே தொடர்நிகழ்வில், கோப்பு மாறும் இடத்தில் தம்புராவின் நாதம் ஒரு கணம் அறுந்து மீண்டும் ஒட்டிக்கொள்வது கூர்ந்து கேட்போரை வருத்தும். இடைவெளியற்ற இயக்கம் என்ற வசதியை மென்பொருளில் அமைப்பது கடினமன்று. அமைக்க வேண்டும் என்ற அக்கறையே தேவை.

அக்கறையின்மை இன்னும் வெளிப்படையாகத் தெரியும் இடம் பாடற்குறிப்புகள். 1996-இல் தோன்றிய ஐடி3 என்ற குறிப்புமுறையின் முதல் வடிவம், பாடல் தலைப்புக்கும் கலைஞர் பெயருக்கும் தொகுப்பின் பெயருக்கும் தலா 30 பைட்டுகளை ஒதுக்கியது. இன்று பரவலாக உள்ள யூனிகோடு குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறி 3 பைட்டுகளைக் கொள்வதோடு, புள்ளியும் கொம்பும் தனிக்குறிகளாக எண்ணப்படுவதால், அந்த இடத்தில் பத்துத் தமிழ் எழுத்துகள்கூட அடங்கா. பின்வந்த வடிவங்கள் இடத்தைப் பெருக்கி, இயற்றியவருக்கும் ஓர் இடம் தந்தன. ஆயினும் செயலிகளின் பார்வை இன்றும் கலைஞர், தொகுப்பு, பாடல் என்ற மூன்று படிகளிலேயே நிற்கிறது. தமிழ்த் திரைப்பாடலைத் தேடுவோர் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர், படம் என்று நால்வழியிலும் தேடுவர். கச்சேரி கேட்போர் ராகத்தாலும் தாளத்தாலும், உடன் வாசித்தவராலும் தேடுவர். காம்போதியில் அமைந்த உருப்படிகளை மட்டும் திரட்டித் தர இயலாத கருவி, எத்தனை ஆயிரம் பாடல்களைச் சுமந்தாலும் ஒழுங்கற்ற பரணாகவே இருக்கும்.

கையின் வசதியைப் பொறுத்தவரை பழைய கருவிகளே நல்ல ஆசிரியர்கள். 1979-இல் சோனி வெளியிட்ட முதல் வாக்மேன், இருவர் சேர்ந்து கேட்பதற்கு இரு துளைகளையும், இசையைத் தாழ்த்தி அருகிலிருப்பவருடன் பேசுவதற்கு ஓர் ஆரஞ்சு நிறப் பொத்தானையும் கொண்டிருந்தது. 2005-இல் வந்த சோனி எரிக்சன் டபிள்யூ800, அலைபரப்பியை முற்றும் அணைத்துவிட்டு இசைக்கருவியாக மட்டும் இயங்க வல்லதாயிருந்தது. 2006-இன் நோக்கியா 5300 திரையின் ஓரத்திலேயே இசைப் பொத்தான்களை வைத்தது. அதே காலத்தில் வந்த மோட்டோரோலா ரோக்கர் இ1, நினைவகத்தில் இடமிருந்தும் நூறு பாடல்களுக்குமேல் ஏற்க மறுத்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டது. பொத்தான்கள் கண்ணின் உதவியின்றி விரலுக்கு அகப்படுபவை. பேருந்தில் நின்றபடி பயணிப்பவருக்கும் பார்வையற்றவருக்கும் வழுக்கும் கண்ணாடித் திரை அவ்வுதவியைச் செய்வதில்லை. ஒலியளவும் பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் 15 படிகளாகவே ஏறுகிறது. ஏறத்தாழ 1 டெசிபல் வேறுபாட்டையே உணரவல்ல செவிக்கு அப்படிகள் மிகப் பெரியவை. ஒரு படி குறைவாகவும் அடுத்தது மிகுதியாகவும் அமையும்போது கேட்போர் மிகுதியையே தேர்கின்றனர். விரல்நுனியால் உருட்டும் சிறு சக்கரம் ஒன்று, அறுபது படிகளுடன் அமையுமானால், செவிக்கும் நலம், கைக்கும் இன்பம்.

மின்கலத்தைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. 4,000 மில்லியாம்பியர் மணி கொண்ட மின்கலம் ஏறத்தாழ 15 வாட் மணி ஆற்றலைத் தேக்குகிறது. கோப்பை வாசிக்கவும் விரிக்கவும் ஒலிக்கவும் மொத்தம் 100 மில்லிவாட் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 150 மணி நேரம் இசைக்கலாம். அந்த ஆற்றலை விழுங்குவது ஒளிரும் திரையும் அலைபரப்பியுமே. முதன்மைச் செயலியை உறங்கவிட்டு இசையைத் தனியே கவனிக்கும் சிறு செயலியும், மாறும்போது மட்டும் மின்சாரம் கொள்ளும் மின்தாள் திரை ஒன்று முதுகுப்புறத்திலும் அமைந்தால் போதும். மின்கலமும் பயன்படுத்துவோரே கழற்றி மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும். கையடக்கக் கருவிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் இதை 2027 பிப்ரவரி முதல் சட்டமாக்கியுள்ளது.

இவை அனைத்தும் ஒருங்கே அமைந்த கைபேசி இன்று கடைகளில் எளிதில் கிடைப்பதாக இல்லை. எனினும் இவற்றுள் எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதன்று. அத்தகைய கைபேசி வரும்வரை, புதிய கைபேசி வாங்கச் செல்லும் வாசகர் தம் பழைய இயர்போனையும், தாம் நன்கறிந்த ஒரு பதிவையும் உடன் எடுத்துச் செல்வாராக. கடையின் அமைதியான மூலையில் முதலில் பாடல் எதுவும் இன்றிச் சீறல் கேட்கிறதா என்று கவனித்து, பின்னர் ஒலியளவின் முதற்படியிலேயே குரல் தெளிவாகவும் மென்மையாகவும் எழுகிறதா என்று பார்த்து, அதன் பின்னரே விலையைக் கேட்பாராக.